பெல் மாமாவின் இடுப்பளவு

வீட்டுச் சண்டைக்கு நகை காரணமாக இருக்கலாம், நாத்தனார் காரணமாக இருக்கலாம். நம் கதையில் காரணம் கரண்டி.

போன வாரம் பெரிய டீச்சர் சமையலறை அலமாரியைத் திறந்து, உள்ளே ஒரு கரண்டிகூட இல்லாமல் எல்லாம் மருமகளின் வகுப்புக்குப் போயிருப்பதைப் பார்த்து, டம்ளரால் மொண்டு பரிமாறியதோடு கதையை விட்டிருந்தோம். அன்றிலிருந்து அவருக்கும் மருமகளுக்கும் நேரடிப் பேச்சு இல்லை.

மேலே வீடு, கீழே பள்ளிக்கூடம். மாமியார்தான் பெரிய டீச்சர். பள்ளியை ஆரம்பித்தவர். அவரைக் கண்டால் குழந்தைகள் வாயில் விரல் வைத்துக்கொள்ளும். மருமகள் சின்ன டீச்சர். ஒன்றாம் வகுப்பு அவள் கையில். அவள் வகுப்பில் வாயில் விரல் வைக்க யாருக்கும் நேரமில்லை. மேஜை எத்தனை கரண்டி நீளம், கதவு எத்தனை செருப்பு அகலம், ஜன்னலிலிருந்து குப்பைக்கூடை வரை எத்தனை டிபன் பாக்ஸ் என்று அத்தனை குழந்தைகளும் தரையில் தவழ்ந்துகொண்டிருக்கும்.

இரண்டு பேருக்கும் நடுவில் பெல் மாமா. பெரியவளுக்குக் கணவர், சின்னவளுக்கு மாமனார். பஸ் டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மணி அடிப்பது, கேட் திறப்பது, மூக்கு துடைப்பது, கால் ஆடும் நாற்காலிக்கு வைத்தியம் பார்ப்பது எல்லாம் அவர் இலாகா. பெயர் வைத்தது குழந்தைகள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

நாலாவது ஆள் ஒருவன் உண்டு. சின்ன டீச்சரின் கணவன். வெளியூரில் ஒரு காகித ஆலையில் வேலை. மாதம் ஒருமுறை வருவான். மற்ற நாட்களில் போனில் குடும்பம் நடத்துவான்.

கரண்டிச் சண்டைக்கு எண்ணெய் ஊற்றியவர் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றின் அப்பா. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்.

"ஸ்கேல் வாங்கிக் குடுத்திருக்கேன் மேடம். என் பொண்ணு கட்டிலைச் செருப்பால அளக்கறா. ஸ்கேலைக் காட்டினா, இது எத்தனை செருப்புன்னு என்னையே கேக்கறா."

பெரிய டீச்சர் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் திங்கள் முதல் புத்தகம், ஸ்கேல், ஒப்பித்தல்.

இன்று வெள்ளிக்கிழமை.

*

"சின்ன டீச்சர்கிட்ட சொல்லுங்க, பெத்தவங்க பத்து மணிக்கு வர்றாங்கன்னு" என்றார் பெரிய டீச்சர்.

சின்ன டீச்சர் ஒரு முழம் தள்ளி நின்று ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள்.

பெல் மாமா திரும்பி, "பத்து மணிக்காம்" என்றார்.

"தெரியும்னு சொல்லுங்க மாமா."

"தெரியுமாம்."

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரிய டீச்சர். டீயைக் கலக்க ஒன்றும் கிடைக்காமல், கழுவிய பென்சில் ஒன்றால் கலக்கினார். அதை அவர் செய்த விதமே ஒரு பிரசங்கமாக இருந்தது.

பெல் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் யார் பக்கம் என்று கேள்வி வரும். ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது சின்ன டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, இன்னிக்கு என்னை அளக்க வேண்டாம். விட்ரு."

"ஏன் மாமா? குழந்தைங்க காலையிலேருந்து அதே நினைப்பா இருக்கும். உங்களை அளக்காம விடுமா?"

"பத்துப் பேர் முன்னாடி என் தொப்பையை எதுக்குக் காட்சிக்கு வைக்கணும்?"

"போன தடவை நீங்களே சட்டையைத் தூக்கிக் காட்டினீங்க."

"அது அப்ப. இது இப்ப" என்று சொல்லிவிட்டு, மணியடிக்க நேரமானவர்போல வேகமாக இறங்கிப் போனார்.

வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள் சின்ன டீச்சர். அவளுக்கு இருந்த படபடப்பில் அதற்குமேல் யோசிக்க முடியவில்லை.

*

பெற்றோர்கள் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். இன்சூரன்ஸ்காரர் முன்வரிசை. பெரிய டீச்சர் உட்காரவில்லை. வாசல்நிலையில் சாய்ந்து, கை கட்டி நின்றார்.

ஆரம்பமே தகராறு.

"எங்க மேஜைதான் பெருசு! பதினாறு!" என்று கத்தினான் முன்பல் விழுந்த பையன் ஒருவன். வகுப்பில் அவனுக்கு ஓட்டைப்பல் என்று பெயர்.

"எங்களுது ஆறுதான் டீச்சர்" என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள் இன்சூரன்ஸ்காரர் மகள். அவள் பெயர் ஏன்-பாப்பா. வாயைத் திறந்தால் ஏன் என்றுதான் கேட்பாள்.

இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி மேஜைகள்.

சின்ன டீச்சர் முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். "அப்பா, கொஞ்சம் வந்து பார்த்துச் சொல்றீங்களா?" என்று இன்சூரன்ஸ்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் எழுந்து வந்தார். நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்து வந்தது. பிடுங்கி எடுத்துவிட்டு, இரண்டு மேஜைகளையும் பார்த்தார். பிறகு குழந்தைகளின் கையைப் பார்த்தார். பையன் கையில் தேய்ந்த கிரேயான். மகள் கையில் நீளக் கரண்டி.

"அது குட்டி, இது நீளம். குட்டியா இருந்தா நிறைய தடவை வைக்கணும்ல?" என்றார்.

"ஏன்?" என்றாள் மகள்.

அவர் விளக்கத் தொடங்கினார். விளக்கம் சரிவராமல் தரையில் மண்டிபோட்டார். கிரேயானையும் கரண்டியையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். கடைசியில் தன் ஷூவைக் கழற்றி, அதையும் வைத்துப் பார்த்தார். மற்ற பெற்றோர் சிரித்தபோதுதான் தன்னிலைக்கு வந்தார்.

"அப்ப எல்லாரும் ஒரே சாமானாலதான் அளக்கணும்" என்று முடிவு சொன்னாள் ஏன்-பாப்பா. "அதுக்குத்தான் ஸ்கேலா டீச்சர்?"

"அதுக்குத்தான்."

வாசல்நிலையில் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்ததைச் சின்ன டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். ஜெயித்தோம் என்று இருந்தது.

அடுத்து கயிறு. பள்ளி திறந்த வாரத்தில் ஒவ்வொரு குழந்தையின் உயரத்துக்கும் ஒரு சணல் கயிறு வெட்டிச் சுவரில் தொங்கவிட்டிருந்தாள். இன்று அவரவர் கயிற்றை அவரவர் எடுத்துப் பிடித்துப் பார்த்தார்கள். கயிறு நெற்றி வரைக்கும்தான் வந்தது. சிலருக்கு முடி ஆரம்பிக்கும் இடம் வரை.

"நான் வளந்துட்டேன்!"

"நானும்!"

ஒரு அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுவரில் இரண்டு கயிறு மிச்சம். ஒன்று வராந்தாவில் இருக்கும் தண்ணீர் டிரம்மின் சுற்றளவு. இன்னொன்று பெல் மாமாவின் இடுப்பு. இரண்டில் எது பெரிது என்று கயிறு வெட்டிய அன்றைக்கு ஒரு பெரிய பந்தயமே நடந்தது. கயிறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே நீளம். டிரம் மாமா, டிரம் மாமா என்று ஒரு வாரம் கத்தித் தீர்த்தார்கள்.

"பெல் மாமா எங்கே?"

அவர் கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நாலு பேர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

"வேலை இருக்கு கண்ணுங்களா."

"ஒரே நிமிஷம் மாமா!"

பெற்றோர் கைதட்டினார்கள். பெல் மாமா நடுவில் நின்றார். ஓட்டைப்பல் கயிற்றைச் சுற்றினான். மாமா மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

"மாமா, உப்பக் கூடாது. மூச்சு விடுங்க!"

விட்டார்.

கயிற்றின் இரண்டு முனையும் தொட்டுக்கொள்ள வேண்டும். தொட்டன. தொட்டபின்னும் ஒன்றைத் தாண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. ஓட்டைப்பல்லின் ஒரு சாண் அளவுக்குக் கயிறு மிச்சம் தொங்கியது.

"தப்பு" என்றாள் ஏன்-பாப்பா. "நீ சரியா பிடிக்கலை."

அவள் சுற்றினாள். அதே மிச்சம்.

விடை வேறு மாதிரி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சின்ன டீச்சர்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். முனையிலேருந்து ஆரம்பிச்சியா? நடுவில் இடைவெளி விட்டியா? அதே சாமானாலதான் அளந்தியா? குழந்தைகள் வரிசையாகக் கேட்டுக்கொண்டு, மறுபடி மறுபடி சுற்றினார்கள்.

பெல் மாமாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அவர் கண், வாசல்நிலையைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தது. சட்டை தூக்கப்பட்ட இடத்தில் பேண்ட், பெல்ட்டுக்குள் கொசுவம் வைத்ததுபோல மடிந்து சுருங்கிக் கிடந்தது.

சின்ன டீச்சர் அந்த மடிப்பையும் அந்தக் கண்களையும் பார்த்துவிட்டாள்.

"போதும் போதும். கயிறு பழசு, நீண்டு போயிருக்கும். விடுங்க" என்றாள்.

"ஏன் நீளும்?" என்றாள் ஏன்-பாப்பா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டிரம் கயிற்றை உருவிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். பின்னால் மொத்த வகுப்பும் ஓடியது.

"டீச்சர்! டிரம்முக்குச் சரியா இருக்கு! கயிறு நீளலை!"

"அப்ப பெல் மாமாதான் சின்னதாயிட்டார்!"

வகுப்பு குதித்தது. சிரித்துக்கொண்டிருந்த பெற்றோரில் ஒருவர் இருவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

பெரிய டீச்சர் வாசல்நிலையை விட்டு உள்ளே வந்தார். வகுப்பு தானாக வாயில் விரல் வைத்தது. அவர் கணவரின் இடுப்பில் தொங்கிய கயிற்றை எடுத்து, தானே ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மிச்சத்தை விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டார்.

"குழந்தைங்க சரியாத்தான் அளந்திருக்காங்க" என்றார்.

அவ்வளவுதான். பெற்றோருக்கு பிஸ்கட் கொடுத்தார், சிரித்தார், கேட் வரை வழியனுப்பினார். இன்சூரன்ஸ்காரர் ஷூவை மாட்டிக்கொண்டே, "திங்கக்கிழமை என்ன குடுத்தனுப்பணும் மேடம்? கரண்டியா, செருப்பா?" என்று கேட்டார்.

"சின்ன டீச்சரைக் கேளுங்க" என்றார் பெரிய டீச்சர். இன்சூரன்ஸ்காரர் கேட்டது அவர் காதில் முழுதாக விழவில்லை.

*

மாடியில் கதவு சாத்தப்பட்டிருந்தது. சின்ன டீச்சர் தட்டிவிட்டு உள்ளே போனபோது, பெல் மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெல்ட் பெரிய டீச்சர் கையில் இருந்தது. கடையில் போட்ட துளைகளைத் தாண்டி, ஆணியால் குத்திய துளைகள் கோணலும் மாணலுமாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

"எத்தனை நாளா?"

"வயசானா கொஞ்சம் இளைக்கறதுதான் டீச்சர்." மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"வயசானா கொஞ்சம் இளைக்கும். இப்படி ரகசியமா ஆணி அடிக்காது."

அவர் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"சாப்பிடறீங்க. நான்தான் போடறேன். எங்க போகுது அது?"

"தெரியலை. தாகம்தான் ஜாஸ்தி. கேட்டுக்கிட்ட நின்னா கால் வலிக்குது. அட்மிஷன் நேரம். உனக்குப் பள்ளிக்கூடக் கவலை. நடுவுல நீங்க ரெண்டு பேரும் கரண்டிக்குச் சண்டை. இதுல நான் வேற எதுக்கு?"

"நீங்க வேறயா?" பெரிய டீச்சரின் குரல் உடைந்தது. "நீங்க வேறயா? என் பக்கத்துல படுத்திருக்கற ஆளு. துணி துவைக்கறேன், மடிக்கறேன், எதிர்ல உக்காந்து சாப்பிடறேன். எனக்குத் தெரியலையே. அஞ்சு வயசுக் குழந்தை ஒரு கயித்தை வெச்சு வந்து சொல்ல வேண்டியிருக்கு."

"தினமும் பார்த்தா தெரியாது அத்தை" என்றாள் சின்ன டீச்சர். "எனக்கும்தான் தெரியலை. கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா யாருக்கும் கண்ணுல படாது."

ஒரு வாரத்துக்குப் பிறகு மாமியாரிடம் அவள் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

பெரிய டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். "மத்தியானம் என் வகுப்பையும் உன் வகுப்பையும் யார் பார்ப்பா?"

"ஆயாம்மா பார்த்துப்பாங்க. ரெண்டு வகுப்பும் சேர்ந்து வராந்தாவை அளக்கட்டும். வீட்டுக்குப் போற வரைக்கும் முடியாது."

"எதால அளக்கும்?"

சின்ன டீச்சர் தயங்கினாள். "கரண்டிதான் இருக்கு அத்தை."

"சரி, எடுத்துக் குடு. ஆட்டோவைக் கூப்பிடு."

"எனக்கு ஒண்ணும் இல்லைங்கறேன்" என்றார் பெல் மாமா.

"அதை டாக்டர் சொல்லட்டும்" என்றார்கள் மாமியாரும் மருமகளும், சேர்ந்தாற்போல. பெல் மாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் ஒரே கட்சியில் சேர்ந்தால் தான் பிழைக்க முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார்.

*

கிளினிக்கில் நல்ல கூட்டம். மருந்து வாடை. ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. பெல் மாமா பழக்க தோஷத்தில் அதற்கு விரல்களை ஆட்டி வித்தை காட்டினார். அழுகை நின்றது. அதன் அம்மா நன்றியோடு பார்த்தாள்.

பெரிய டீச்சர் மட்டும் அந்த விரல்களைப் பார்த்தார். மோதிரம் விரலில் தளர்ந்து மேலும் கீழும் ஓடியது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நர்ஸ் அழைத்தாள். "கூட ஒருத்தர் மட்டும் வாங்க."

சின்ன டீச்சர் ஒதுங்கி வழிவிட்டாள். பெரிய டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"நீ போ."

"அத்தை, நீங்கதான்..."

"நான் உள்ள வந்தா எனக்காக எல்லாத்தையும் மறைப்பார். பசியே இல்லைன்னாலும் எனக்காகச் சாப்பிடற மனுஷன். உன்கிட்ட அந்த வேலை நடக்காது. நீதான் மூணு கேள்வி கேப்பியே. கேட்டு வாங்கு. போ."

உள்ளே இருந்த டாக்டர் இளம்பெண். அதிகம் பேசவில்லை. எடை பார்த்தாள். நாக்கைப் பார்த்தாள். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துக் கையளவு மெஷினில் வைத்தாள். எண் வந்ததும் புருவம் உயர்ந்தது.

"சர்க்கரை ரொம்ப அதிகமா இருக்கு. இளைச்சதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். மருந்தை இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்."

சின்ன டீச்சர் மூச்சு விட்டாள். சர்க்கரைதானா!

டாக்டர் அவரைப் படுக்கச் சொல்லி வயிற்றை அழுத்தினாள். இடது பக்கம், வலது பக்கம். மறுபடி இடது பக்கம். அங்கே கை நின்றது.

"இங்க வலிக்குதா?"

"இல்லை" என்றார் பெல் மாமா.

"மாமா" என்றாள் சின்ன டீச்சர்.

"கொஞ்சம்."

"மாமா!"

"ராத்திரியில வலிக்கும்."

டாக்டர் கையை எடுத்தாள். "ஒரு ஸ்கேன் எடுத்துடுவோம். பயப்படுத்தறேன்னு நினைக்காதீங்க, பார்த்துட்டா நிம்மதி. இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

பெல் மாமா சட்டைப் பொத்தான்களைப் போட்டார். ஒன்றை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார். பிறகு கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

"காட்டினேன்" என்றார்.

"எப்ப மாமா? யார் கூட போனீங்க?"

"பையன் கூட்டிட்டுப் போனான். போன தடவை வந்திருந்தப்போ. சலூனுக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போனோமே, அன்னிக்கு. அந்த டாக்டரும் ஸ்கேன்தான் எழுதினார். பள்ளிக்கூட அட்மிஷன் முடியட்டும்னு நான்தான் தள்ளிப்போட்டேன். அம்மாகிட்ட சொல்லக் கூடாது, உன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவன் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன். அவன்மேல கோவப்படாதேம்மா. அவன் அழுதான்."

சின்ன டீச்சருக்கு இப்போதுதான் அந்தப் போன் பேச்சுகள் புரிந்தன.

தினமும் போனில் அவன் முதலில் கேட்பது, அப்பா எப்படி இருக்கார் என்றுதான். ஜோரா இருக்கார், குழந்தைங்களோட குழந்தையா இருக்கார் என்று இவள் தினமும் சொல்வாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் வராது. லைன் கோளாறு என்று நினைத்திருந்தாள். கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, அத்தனை தூரத்தில் தனியாக ஓர் அறையில் இதைச் சுமந்துகொண்டு படுத்திருக்கிற ஆள்மேல் இரக்கமும் வந்தது. எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சர்க்கரைன்னு மட்டும் வெளிய சொல்லிடலாமா?" என்றார் பெல் மாமா தணிந்த குரலில். "பொய் இல்லையே. சர்க்கரை நிஜம்தானே."

கெஞ்சுகிற கண்கள். காலையில் வகுப்பு நடுவே நின்ற அதே கண்கள். கயிறு நீண்டுவிட்டது என்று இவள் தாங்கிப்பிடித்தது அந்தக் கண்களுக்காகத்தான்.

"செருப்பைப் போட்டுக்குங்க மாமா" என்றாள். "மெதுவா வாங்க. நான் முன்னாடி போறேன்."

வெளியே பெரிய டீச்சர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கணவரின் பை, தண்ணீர் பாட்டில், மருமகளின் கைப்பை, மூன்றும் மடியில். அவளைக் கண்டதும் மூன்றையும் அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன சொன்னாங்க?"

கைப்பைக்குள் போன் அடித்தது. பெரிய டீச்சர் எடுத்துப் பார்த்து, "அவன்தான்" என்று நீட்டினார்.

சின்ன டீச்சர் வாங்கவில்லை.

"அப்புறம் பேசிக்கறேன் அத்தை. முதல்ல உங்ககிட்ட பேசணும். நடந்தது எல்லாத்தையும் சொல்றேன், எதையும் விடாம. நீங்க உக்காருங்க."

பெரிய டீச்சர் அவள் முகத்தையே பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் இருந்ததை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மறுபக்கத்தில் கையால் தட்டினார்.

"நீயும் உக்காரு. உக்காந்து சொல்லு."

போன் நின்றது. அடுத்த நொடி மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.